ஆறரை மணி விளக்கு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. அன்றைக்குப் பேசிக்கொண்டிருக்கும்போதே கரண்டு போய் லைன் அறுந்துவிட்டது. ரங்கூனில் இப்போது கரண்டு எப்போது வரும், போகும் என்று யாரும் கணக்கு வைப்பதில்லை. தெரிந்தவர் ஒருவர் பினாங்கு வருகிறார், அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

"படுத்தே கிடந்து சாமி கும்பிடக்கூட மனசு வரலைம்மா, பாவமா?" என்று கேட்டாய். பாவமெல்லாம் ஒன்றும் இல்லை. கட்டிலை விட்டு இறங்கக்கூடாது என்று டாக்டர் சொல்லி ஏழு வாரம் ஆகிறது. மாப்பிள்ளை காலையில் போனால் ராத்திரிதான் வருகிறார். அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் மனசு வரும்?

எனக்கும் வரவில்லை, தெரியுமா? 2020 செப்டம்பரில் கொரோனா என்று வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது என்றார்கள். காளி கோயில் கதவும் சாத்திவிட்டார்கள். 1871இல் நம் ஆட்கள் கட்டிய கோயில். பூட்டிப் பார்த்ததே இல்லை நான். முதலில் போனில் தமிழ்நாட்டுக் கோயில் அபிஷேகம் பார்த்தேன். பார்க்கப் பார்க்கத் தூக்கம்தான் வந்தது. 2021 பிப்ரவரியில் ஆட்சி மாறிய பிறகு ராத்திரி ஒரு மணி முதல் காலை ஒன்பது வரை இன்டர்நெட்டை நிறுத்தினார்கள். மார்ச் நடுவில் போன் டேட்டாவும் போச்சு. (ராத்திரி எட்டு மணிக்கு ஊரே சட்டி, தட்டு தட்டிய கதை உனக்குத் தெரியும். அதையெல்லாம் கடிதத்தில் எழுத வேண்டாம்.)

அபிஷேகம் போனது எனக்கு நல்லதாய்ப் போனது என்றுதான் சொல்லுவேன். வேறு வழியில்லாமல் பாட்டியின் நோட்டை எடுத்தேன். 1965இல் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு, பாட்டி வீட்டிலேயே எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தாள். அதற்காகத் தேவாரத்தைக் கையால் எழுதிவைத்த நோட்டு அது. அட்டைக்குப் பதில் அரிசிச் சாக்குத் துணி ஒட்டியிருப்பாள். அதில் அப்பர் சுண்ணாம்புக் காளவாயில் கிடந்தபோது பாடிய பதிகம் இருக்கிறது. உள்ளே வேகிறவர் தென்றலையும் குளத்தையும் பற்றிப் பாடுகிறார்! அவருக்கு ஏழு நாள்தான் என்று எனக்கு அப்போது பொறாமைகூட வந்தது.

மூன்றாவது பாட்டில் ஒன்றரை வரியைக் கறையான் தின்றிருக்கிறது. அந்த இடம் வந்ததும் சொல் கிடையாது. ராகத்தை மட்டும் "ம்ம்" என்று இழுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். தினமும் ஆறரைக்கு விளக்கு, பிறகு அந்தப் பதிகம். பக்தி பொங்கியது என்று பொய் சொல்ல மாட்டேன். பாதி நாள் உலையில் அரிசி போட்டாச்சா என்ற நினைப்புதான்.

பக்கத்து வீட்டு பர்மாக்காரம்மாவும் அதே நேரத்தில்தான் அவர்கள் புத்த சூத்திரம் ஓதுவார்கள். முடிந்ததும் மணி அடித்து "சாது, சாது, சாது" என்பது சுவர் வழியே கேட்கும். நாங்கள் முகம் பார்த்துப் பல மாதம். நம் மாடியிலிருந்து தெருவுக்குத் தொங்கும் கயிறு ஞாபகம் இருக்கிறதா, சாமான் ஏற்றக் கிளிப் மாட்டியிருக்குமே? ஒருநாள் அவர்கள் கயிற்றில் ஒரு கட்டுத் தபியே தழை தொங்கியது, எட்டிப் பிடித்துக்கொள் என்று சைகை. அவர்கள் புத்தர் முன்னால் வைக்கிற தழை, அன்றைக்கு நம் அம்பாளுக்கு வைத்தேன்.

அப்புறம் ஜூலையில் அப்பாவுக்குக் காய்ச்சல். ஆக்சிஜன் சிலிண்டருக்கு ஊர் முழுக்க வரிசை. பின்னறையில் பதினான்கு நாள், சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு வந்துவிடுவேன். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, தொண்டை அடைத்துப் பாடவே முடியவில்லை. விளக்கை மட்டும் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே இருந்து இருமலோடு அப்பா குரல். சொல் எதுவும் இல்லை, அந்தக் கறையான் தின்ற இடத்து "ம்ம்" மட்டும். சாகக் கிடக்கும் மனுஷன் சொல்லில்லாத வரியைத்தான் பிடித்து வைத்திருந்தார். சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. பிறகு பாடினேன்.

அந்த ஒன்றரை வரியைப் புத்தகத்தில் பார்க்க ஒரு நிமிடம் போதும். இன்னும் பார்க்கவில்லை. பர்மாக்காரம்மாவுக்குத் தமிழ் ஒரு எழுத்தும் தெரியாது, ஆனால் கதவு திறந்த பிறகு முதலில் கேட்டது, "நடுவில் ஏன் வாயை மூடிக்கொண்டு பாடுகிறாய்?"

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இங்கே ஆறரை என்றால் உனக்கு எட்டு மணி. கரண்டு இருந்தால் நான் கூப்பிடுவேன். எழுந்து உட்காராதே, இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தபடியே போனைக் காதில் வைத்துக்கொள். பாட வேண்டாம், கும்பிடவும் வேண்டாம், கேட்டால் போதும். அழைப்பு வராவிட்டால் இங்கே இருட்டு என்று அர்த்தம். விளக்கு எப்படியும் எரியும். நடுவில் அந்த இடம் உனக்குத் தெரியும்தானே, மனசு வந்தால் ஒரு "ம்ம்" கொடு.

முருங்கைக்கீரைப் பொடி இத்துடன் வருகிறது. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அம்மா