இடம் கிடைத்தது, பஸ் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் அமெரிக்கப் பள்ளிகள் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கட்டுரையாளர் நன்றாகவே எழுதியிருக்கிறார். ஒரு வரிதான் முள்ளாகக் குத்தியது. 2024 தேர்தலில் கொலராடோ மாநில மக்கள் 'பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை நிராகரித்துவிட்டார்கள்' என்கிறார். நிராகரித்தவர்களில் நானும் ஒருத்தி. டென்வருக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். குடியுரிமை வாங்கிய பிறகு எனக்கு அது முதல் அதிபர் தேர்தல். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: என் மகள் படிப்பது எங்கள் தெருவுக்கு ஒதுக்கிய பள்ளியில் இல்லை, நாங்களாகத் தேடிச் சேர்த்த பள்ளியில். அப்படியிருந்தும், அந்த உரிமையை மாநில அரசியலமைப்பில் சேர்க்கலாமா என்று ஓட்டுச்சீட்டில் கேட்டபோது 'வேண்டாம்' என்ற வட்டத்தைத்தான் நிரப்பினேன்.

தமிழில் 'பள்ளித் தேர்வுரிமை' என்று எழுதினால் பரீட்சை எழுதும் உரிமை போல இருக்கிறது. நாங்கள் வீட்டில் 'சாய்ஸ்' என்றுதான் சொல்வோம். இந்தச் சாய்ஸ் இங்கே 30 வருடப் பழக்கம். 1993இல் சார்ட்டர் பள்ளிச் சட்டம் வந்தது. அரசுப் பணத்தில், தனி நிர்வாகக் குழுவின் கீழ் நடக்கும் பள்ளிகள் இவை. அரசுப் பள்ளிக் கணக்கில் வரும் பிள்ளைகளில் 100க்கு 15 பேர் போல இப்போது அங்கேதான் படிக்கிறார்கள். 1994இலிருந்து, குடியிருக்கும் பள்ளி மாவட்டத்தை (அந்தந்தப் பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பை இங்கே அப்படிச் சொல்வார்கள்) தாண்டியும் எந்த அரசுப் பள்ளிக்கும் விண்ணப்பம் போடலாம். கட்டணம் கிடையாது. இடம் இருந்தால் எடுத்துக்கொள்ள வேண்டும். இடம் இல்லை என்றோ, உங்கள் பிள்ளைக்கு வேண்டிய வகுப்பு எங்களிடம் இல்லை என்றோ மறுக்கவும் அதே சட்டத்தில் வழி இருக்கிறது.

அப்புறம் எதற்கு ஓட்டு? இருப்பதையே மாநில அரசியலமைப்பில் எழுதிவைக்கத்தான். அதுதான் சட்டத்திருத்தம் 80. ஓட்டுச்சீட்டு இங்கே தபாலில் வீட்டுக்கே வரும். அந்த வருடம் மாநிலம் முழுவதற்குமான கேள்விகள் மட்டும் 14. மலைச்சிங்க (பூமா) வேட்டையைத் தடை செய்யலாமா என்பதும் அதில் ஒன்று. கேள்விகளை விளக்கி அரசு அனுப்பும் 'நீலப் புத்தக'த்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்து, நானும் வீட்டுக்காரரும் இரண்டு இரவு உட்கார்ந்தோம். 80 ரொம்பச் சின்னது. எல்லாப் பிள்ளைகளுக்கும் தரமான கல்வியைப் பெறச் சம வாய்ப்புக்கான உரிமை உண்டு. பிள்ளைகளின் கல்வியை வழிநடத்தும் உரிமை பெற்றோருக்கு உண்டு. சாய்ஸ் என்றால் அக்கம்பக்கப் பள்ளி, சார்ட்டர், தனியார் பள்ளி, வீட்டுக்கல்வி, மாவட்டம் தாண்டிய சேர்க்கை, இனி வரப்போகும் புதுமைகள் எல்லாம் அடக்கம். இவ்வளவும் முன்னுரை. அதற்குக் கீழே ஒரே ஒரு வாக்கியம்: மழலை வகுப்பிலிருந்து 12ஆம் வகுப்பு வரை ஒவ்வொரு பிள்ளைக்கும் பள்ளிச் சாய்ஸ் உரிமை உண்டு. முடிந்தது.

முதல் தடவை படித்தபோது இதில் என்ன தப்பு என்றுதான் தோன்றியது. இரண்டாம் நாள்தான் என் வீட்டுக்காரர் கேட்டார்: "சரி, பிள்ளைக்கு உரிமை. அந்த உரிமைக்குக் கட்டுப்பட்டவர் யார்?" திருப்பித் திருப்பிப் பார்த்தோம். அந்த வாக்கியத்தில் அப்படி யாரும் இல்லை.

இது வக்கீல்தனமாகத் தெரியலாம். எனக்கு அது மேல்மாடியில் குடியிருந்த ஒரு தாயின் முகமாகத் தெரிந்தது. முதியோர் இல்லத்தில் இரவுப் பணி அவருக்கு. நாங்கள் என் மகளுக்கு விண்ணப்பித்த அதே வருடம், அதே பள்ளிக்கு அவரும் தன் பையனுக்கு விண்ணப்பித்தார். குலுக்கலில் அவருக்கு நேரடியாக இடம் விழுந்தது. நாங்கள் காத்திருப்புப் பட்டியலில் 41ஆம் எண். ஆனால் அந்தப் பள்ளிக்கு பஸ் கிடையாது. விதியும் அதுதான்: ஒதுக்கிய பள்ளியை விட்டு வெளியே போனால், கொண்டுபோய் விடுவதும் கூட்டி வருவதும் பெற்றோர் பாடு. அவருக்கு வேலை முடிவது காலை 7 மணிக்கு, ஊரின் இன்னொரு கோடியில். பள்ளி மணி 7.50. மாடிப்படியில் நின்று கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து, இந்தச் சாலை, அந்தச் சாலை என்று நிமிடங்களைக் கூட்டிப் பார்த்ததை நானே பார்த்தேன். எப்படிக் கூட்டினாலும் வரவில்லை. பனி பெய்யாத நாளுக்கே வரவில்லை. கடைசியில் இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டார். பட்டியல் நகர்ந்து நகர்ந்து ஆகஸ்டில் எங்களுக்கு அழைப்பு வந்தது. நான் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவள். கார் இருக்கிறது, காலை நேரமும் இருக்கிறது. அவர் விட்ட இடம்தான் எங்களுக்கு வந்தது என்று சொல்ல முடியாது. ஆனாலும் காலையில் காரை எடுக்கும்போது அந்த நினைப்பு வராமல் போனதில்லை.

அந்தப் பையனுக்கு அன்றைக்கே சட்டப்படி சாய்ஸ் இருந்தது. அரசியலமைப்பில் இன்னும் பெரிய எழுத்தில் எழுதியிருந்தால் பஸ் வந்திருக்குமா? கிராமப்புறத்தில் இது இன்னும் மோசம். மாநிலத்தில் 178 பள்ளி மாவட்டங்கள். பாதிக்கு மேல் வாரத்தில் 4 நாள்தான் பள்ளி நடத்துகின்றன. பெரும்பாலும் சின்ன ஊர்கள். ஒரே கட்டடத்தில் எல்லா வகுப்பும் நடக்கிற ஊரில் போய் 'எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடு' என்று சொல்லி என்ன பயன்?

தனியார் பள்ளி விஷயத்துக்கு வருவோம். அங்கே பிள்ளையைச் சேர்க்கும் உரிமை யாரும் புதிதாகத் தர வேண்டியதில்லை. எல்லாப் பிள்ளையும் அரசுப் பள்ளிக்குத்தான் போக வேண்டும் என்ற ஆரிகன் மாநிலச் சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1925இலேயே தள்ளிவிட்டது. இல்லாதது இரண்டு: கட்டணத்துக்குப் பணம், சேர்த்துக்கொள்ளப் பள்ளியின் சம்மதம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. தனியார் பள்ளி யாரை எடுக்கும், யாரை விடும் என்பது பெரும்பாலும் அதன் இஷ்டம். திருத்தம் அந்தக் கதவைத் தொடவே இல்லை. ஆக மிஞ்சுவது பணம்தான்.

ஆதரித்தவர்கள் இதில் வவுச்சர், அதாவது தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசுப் பணம், என்ற பேச்சே இல்லை என்றார்கள். உண்மைதான், அந்தச் சொல் இல்லை. ஆசிரியர் சங்கத்தார் நாளைக்கே அரசுப் பணம் தனியாருக்குப் போய்விடும் என்பதுபோல் பேசியதும் மிகைதான். ஆனால் எங்கள் பக்கத்து டக்ளஸ் கவுண்டி என்ற நிர்வாகப் பகுதியின் கதையைத் தெரிந்தவர்களுக்குச் சந்தேகம் வராமல் இருக்காது. 2011இல் அந்தப் பள்ளி மாவட்டம் அரசுப் பணத்தைத் தனியார் பள்ளிக் கட்டணத்துக்குத் தரும் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2015இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தியது. மதம் சார்ந்த பள்ளிகளுக்குப் பொதுப்பணம் கூடாது என்று மாநில அரசியலமைப்பின் 9ஆம் அத்தியாயத்தில் இருக்கும் பழைய விதிதான் கைகொடுத்தது. 2017இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, மறுபடி விசாரிக்கச் சொன்னது. அதற்குள் உள்ளூர் தேர்தலில் புது வாரியம் வந்து திட்டத்தையே மூடிவிட்டது. சார்ட்டரையும் தனியார் பள்ளியையும் ஒரே மூச்சில் சொல்லி உரிமை என்று எழுதிவிட்டால், 'சார்ட்டருக்குப் பணம் உண்டு, என் பிள்ளையின் பள்ளிக்கு மட்டும் ஏன் இல்லை' என்று ஒரு வக்கீல் கேட்கத்தான் செய்வார். கேட்பதில் தப்பும் இல்லை. அந்தக் கேள்வியை எங்களிடம் நேராகக் கேட்டிருக்கலாமே என்பதுதான் என் குறை.

அதே 9ஆம் அத்தியாயத்தில் 1876இலிருந்து இன்னொரு வாக்குறுதியும் இருக்கிறது: மாநிலம் முழுவதும் முழுமையான, ஒரே சீரான இலவசப் பள்ளி அமைப்பு. இதை நம்பி, பள்ளிகளுக்குத் தரும் நிதி போதவில்லை என்று பெற்றோர் சிலர் 2005இல் வழக்குப் போட்டார்கள். கீழ் நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். 2013இல் மாநில உச்ச நீதிமன்றம், இப்போதுள்ள நிதி முறையே அரசியலமைப்புக்கு ஒத்ததுதான் என்று சொல்லி அனுப்பிவிட்டது. எட்டு வருட வழக்கு. அழகான வாக்கியம் அப்படியே ஏட்டில் இருக்கிறது.

உங்கள் கட்டுரையில் விட்டுப்போன ஒரு சுவாரசியம்: 80ஐ எதிர்த்தவர்களில் ஆசிரியர் சங்கம் மட்டுமில்லை, கிறிஸ்தவ வீட்டுக்கல்விக்காரர்களின் மாநில அமைப்பும் உண்டு. சாதாரண நாளில் இந்த இரண்டு பேரையும் ஒரே பந்தியில் உட்கார வைக்க முடியாது. 'தரமான கல்வி' உரிமை என்றால் தரத்தை அளக்க அரசு வீட்டுக்குள் வரும் என்பது வீட்டுக்கல்விக்காரர்களின் பயம். உரிமையைப் பெற்றோருக்குத் தராமல் பிள்ளைக்குத் தருகிறதே, நாளை இருவருக்கும் ஒத்துவராவிட்டால் யார் பேச்சு எடுபடும் என்றும் கேட்டார்கள். நல்ல கேள்வி. பதின்மூன்று வயதுப் பெண்ணை வீட்டில் வைத்திருக்கும் எனக்கு அது சட்டென்று புரிந்தது.

ஆதரித்தவர்களின் பயமும் பொய்யில்லை. அதே 2024இல் சார்ட்டர் பள்ளிகளுக்குக் கடிவாளம் போடும் மசோதா ஒன்று சட்டமன்றத்துக்கு வந்து, குழுவிலேயே தோற்றது. வந்தது ஒரு தடவை என்றால் இன்னொரு தடவையும் வரலாம். அது வந்தால் நானே எதிர்த்து நிற்பேன்.

இங்கே அரசியலமைப்பில் புதிதாக எதையும் சேர்க்க 55 விழுக்காடு வேண்டும். 2016இல் மாநில மக்களே ஓட்டுப் போட்டு வைத்துக்கொண்ட விதி. 80 பாதியைக்கூட எட்டவில்லை, 49 சொச்சத்தில் நின்றது. கென்டக்கியையும் நெப்ராஸ்காவையும் கட்டுரை இதோடு சேர்த்துக் கட்டியது சரியில்லை. அந்த இரண்டு மாநிலங்களிலும் கேள்வியே தனியார் பள்ளிக்கு அரசுப் பணம் போகலாமா என்பதுதான். கென்டக்கியில் 120 கவுண்டிகளிலும் வேண்டாம் என்றார்கள். நெப்ராஸ்காவில், இருந்த திட்டத்தையே நீக்கினார்கள். எங்களிடம் கேட்டது வேறு.

முடிந்தால் அடுத்த இதழில் அந்த ஒரு வரியை மட்டும் திருத்திப் போடுங்கள். கொலராடோவில் சாய்ஸ் 2024 தேர்தலுக்கு முன்பும் இருந்தது, பின்பும் இருக்கிறது. இந்த ஜனவரியிலும் எங்கள் மாவட்டத்தில் விண்ணப்பம் திறந்தது. அந்தப் பள்ளிக்கு இன்னும் பஸ் இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
டென்வர் அருகிலிருந்து