கேசட் தந்த கைகளுக்கும் அதை ஓட வைத்த கைகளுக்கும்

அன்புடையீர், வணக்கம்.

அமெரிக்கத் தொலைக்காட்சியின் பழைய கேம் ஷோக்களை (பரிசுப் போட்டி நிகழ்ச்சிகளை), வீடுகளில் பதிவான விஎச்எஸ் வீடியோ கேசட்டுகளிலிருந்து மீட்டுக் கணினியில் ஏற்றும் வேலைக்குத் தோள் கொடுத்த அனைவருக்கும் இந்த மடல்.

முதல் நன்றி, கேசட்டைக் குப்பையில் போடாமல் வைத்திருந்தவர்களுக்கு. ஒரு காலத்தில் இரண்டு அங்குல வீடியோ டேப் விலை அதிகம். பகல்நேரப் போட்டியை மறுபடி யார் பார்க்கப்போகிறார்கள் என்று தொலைக்காட்சி நிறுவனங்கள் அதே டேப்பை அழித்து, அதன் மேலேயே அடுத்ததைப் பதிவு செய்தார்கள். ஆர்ட் ஃப்ளெமிங் 1964 முதல் 1975 வரை நடத்திய ‘ஜெப்பர்டி’ என்ற வினாடி வினாவில் பெரும்பகுதி அப்படிப் போனதுதான். வீட்டு விசிஆர் (வீடியோ கேசட் ரெக்கார்டர்) பரவிய பிறகு ஒளிபரப்பானவற்றுக்குத்தான் இப்படியொரு இரண்டாம் வாய்ப்பு.

விளம்பரம் வந்தபோது பதிவை நிறுத்தாமல் விட்டவர்களுக்குத் தனி நன்றி. தேதி எழுதாத கேசட்டுக்கு விளம்பரம்தான் முதல் சாட்சி. அடுத்த சாட்சி ஆட்ட விதி. சக்கரம் சுழற்றி ஆடும் ‘வீல் ஆஃப் ஃபார்ச்சூன்’ இரவு நிகழ்ச்சியில், வென்ற பணத்துக்குப் பொருள் வாங்கும் பகுதி இருந்தால் அது 1987க்குப் பிந்தியதாக இருக்க முடியாது. பகல் நிகழ்ச்சியில் அது 1989 வரை நீடித்தது. ‘ஜெப்பர்டி’யைப் பின்னர் நடத்திய அலெக்ஸ் ட்ரெபெக் கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் போட்டியாளர் பஸ்ஸரை அழுத்திப் பதில் சொல்கிறாரா? அது 1984இல் தொடங்கிய அவரது முதல் சீசன். அடுத்த சீசனிலிருந்து படித்து முடிக்கும்வரை பஸ்ஸர் வேலை செய்யாது. இப்படி ஒவ்வொரு கேசட்டுக்கும் பொறுமையாக ஆண்டு குறித்துத் தந்தவர்களின் உழைப்பு வெளியே தெரியாது. அது இல்லாவிட்டால் கோப்புகள் வெறும் எண்களாகவே கிடந்திருக்கும்.

டெக்குகளை, அதாவது கேசட்டை ஓட்டும் கருவிகளை, தந்தவர்களுக்கும் சுத்தம் செய்தவர்களுக்கும் நன்றி. டேப்பைப் படிக்கும் ஹெட்டைத் துடைப்பது சின்ன வேலைபோலத் தெரியும், கெடுவதும் அங்கேதான். காது குடையும் பஞ்சு உதவாது, அதன் நார் ஹெட்டில் மாட்டி உடைத்துவிடும். 99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய தோல் துண்டை ஹெட் பொருந்திய உருளையான டிரம்மின் மேல் அசையாமல் பிடித்து, மறு கையால் டிரம்மை மெதுவாகச் சுற்ற வேண்டும். துண்டை மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் போய்விடும். காய்ந்த பிறகுதான் கேசட்டை உள்ளே விடலாம். வெள்ளைப் பூஞ்சை தெரிந்த கேசட்டுகளைத் தனி உறையில் போட்டு, உறை மேல் எழுதியும் அனுப்பினீர்களே, அதற்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும். அப்படி ஒன்று டெக்கில் ஓடினால், அடுத்து ஓடும் அத்தனைக்கும் தொற்றிவிடும்.

அதிகம் பாடுபடுத்தியவை ஆறு மணி நேர வேகத்தில், அதாவது இரண்டு மணி நேர கேசட்டில் ஆறு மணி நேரம் அடங்கும்படி டேப்பை மெதுவாக ஓட்டி, பதிந்தவை. இரண்டு மணி நேர வேகத்தில் ஒரு தடத்தின் அகலம் 58 மைக்ரான், இதில் வெறும் 19. பதிந்த டெக்கும் ஓட்டும் டெக்கும் மயிரிழை மாறினாலும் படத்தில் கோடுகள் விழும். ஹெட் தடத்தின் மேலேயே போகும்படி டிராக்கிங் சரிசெய்து பார்க்க வேண்டும். முடியாவிட்டால் டெக்கையே மாற்றிப் பார்க்க வேண்டும். ஒரே கேசட்டை மூன்று நான்கு டெக்குகளில் சலிக்காமல் ஓட்டிப் பார்த்தவர்கள் இருக்கிறீர்கள்.

அறுந்த டேப்பை ஒட்டியவர்களுக்கும் நன்றி. அடியில் ஐந்து திருகுகளைக் கழற்றி, கசங்கிய முனைகளை வெட்டி, காந்தப் பூச்சு இல்லாத பக்கத்தில் மட்டும் ஒட்டுநாடா போட்டீர்கள். சாதாரண செல்லோடேப்பின் பசை கசிந்து ஹெட்டில் அப்பிவிடும். ஒட்டு வரும் இடத்துக்கு முன்பே நிறுத்தி, கேசட்டை வெளியே எடுத்துக் கையால் சுற்றிக் கடத்திவிட்டு, மறுபடி ஓட்டியதுதான் சரியான முறை.

கணினிப் பக்கம் நின்றவர்கள் படம் நடுங்காமல் சீராக்கும் டைம் பேஸ் கரெக்டரையும், மணிக்குச் சுமார் 35 ஜிபி விழுங்கும் இழப்பில்லாப் பதிவையும் விட்டுக்கொடுக்கவில்லை. விநாடிக்கு 59.94 ஃபீல்டும் (ஒரு ஃப்ரேமின் பாதிப் படங்களும்) அப்படியே இருந்தால்தான் சக்கரம் வழுக்கிக்கொண்டு சுழலும். பாதியை எறிந்தால் தத்தித் தத்திச் சுற்றும். அந்த நுணுக்கத்தின் மதிப்பு மைக்கேல் லார்சனுக்குத் தெரிந்திருந்தது. ஓடும் விளக்கைப் பொத்தான் அழுத்தி நிறுத்திப் பரிசு வெல்லும் ‘பிரஸ் யுவர் லக்’ போட்டியின் பலகையில், விளக்கு ஓடும் ஐந்து ஒழுங்குமுறைகளையும் வீட்டு விசிஆரில் ஃப்ரேம் ஃப்ரேமாக நிறுத்திப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டு, 1984இல் 1,10,237 டாலர் வென்றார்.

இன்னும் கேசட் வைத்திருப்பவர்களே, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்காகத் துடைக்காத டெக்கில் போடாதீர்கள். நிமிர்த்தி நிறுத்தி, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். கேசட்டின் பின்பக்க ஓரத்தில் உள்ள சிறு பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிட்டால் மேலே எதுவும் பதியாது.

நன்றியுடன்,
கேசட் மீட்பில் உடனிருப்போர்