அந்த 1996 பாட்டிலைத் திறந்துவிட்டேன்

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லாரும் சுகம். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். பொங்கலுக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. அந்தச் சண்டையை நேரில் வைத்துக்கொள்வோம். பெரியவளுக்கு நிச்சயம் முடிந்தது. சம்பந்தி வீட்டாரைச் சாப்பிட அழைத்திருந்தோம். அன்றைக்குத்தான் அந்த லியோவில் பார்த்தோன் ஒயினைத் திறந்தேன். பிரான்ஸில் போர்தோவில் ஓட்டல் வேலை பார்த்த காலத்தில் ஆளுக்கொன்றாக வாங்கினோமே, அதில் என் பங்கு.

விருந்துக்கு இரண்டு நாள் முன்பே, படுத்துக் கிடந்த பாட்டிலை நிமிர்த்தி வைத்தேன், மண்டி அடியில் இறங்கட்டும் என்று. சாதாரணத் திருகியால் திறக்கவில்லை. இத்தனை வருடம் ஊறிய கார்க் பொடிந்துவிடும். இரண்டு மெல்லிய தகடு உள்ள திறப்பானை கார்க்குக்கும் கண்ணாடிக்கும் நடுவே மாற்றி மாற்றி அசைத்து இறக்கி, திருகியபடியே இழுத்தேன். முழுசாக வந்தது. கார்க்கால் கெட்ட ஒயினில் வரும் நனைந்த அட்டை வாசனை இல்லை. அப்போதுதான் மூச்சே வந்தது.

பிறகு நம் ஓட்டல் செஃப் சொல்லிக்கொடுத்தபடியே. பாட்டில் கழுத்துக்குக் கீழே மெழுகுவத்தி, இடையில் நிறுத்தாமல் மெல்லிய தாரையாக டிகாண்டரில், அதுதான் அந்தக் கண்ணாடிக் குடுவையில், ஊற்றினேன். நிறுத்தி நிமிர்த்தினால் மண்டி கலங்கிவிடும். கடைசியில் கருப்பாக ஒரு இழை புகை மாதிரி கழுத்தை நோக்கி ஊர்ந்து வந்தது, அங்கேயே நிறுத்திவிட்டேன். அடியில் இரண்டு விரல்கடை மிச்சம்.

செஃப் போன வருடம் தவறிவிட்டார், உனக்குத் தெரியுமா? நமக்குப் பாஷையே வராத நாளில் கையைப் பிடித்து ஊற்றக் கற்றுக்கொடுத்த மனுஷன். அன்றைக்கு அவரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓரத்தில் செங்கல் நிறம். முதலில் வாசனை அடங்கித்தான் இருந்தது. இருபது நிமிடத்தில் தேவதாரு, புகையிலை, அடியில் கருந்திராட்சை. பழைய துவர்ப்பெல்லாம் உருகிப் பட்டாகிவிட்டது. 1996இல் போர்தோவின் மெதோக் பக்கம் கபெர்னே திராட்சை நன்றாகப் பழுத்ததாக அந்தக் காலத்தில் எல்லாரும் சொன்னது பொய்யில்லை. மிளகுக்கறி அதை அமுக்கிவிடும் என்று வீட்டில் கெஞ்சிக் கூத்தாடி, ஆட்டுத் தொடையை உப்பும் பூண்டும் மட்டும் போட்டு ஓவனில் சுடவைத்தேன். வீட்டுக்காரி இன்னும் முறைக்கிறாள். சம்பந்தி மட்டும் மூன்று முறை கிளாஸை நீட்டினார்.

இப்போது என் கவலைக்கு வருகிறேன். உன் பாட்டில் அடுப்புக்கு மேல் அலமாரியில், அதுவும் நின்றபடி இருக்கிறது. போனமுறை வந்தபோதே சொன்னேன். அந்தச் சூட்டில் ஒயின் வெந்துவிடும், நின்றபடியே இருந்தால் கார்க் காய்ந்து காற்று புகுந்துவிடும். உடனே இறக்கி, சூடோ வெளிச்சமோ படாத இடத்தில் படுக்க வை. கழுத்தில் மட்டம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஒரு போட்டோ அனுப்பு. மட்டம் பாட்டிலின் தோள் வளைவுக்குக் கீழே போயிருந்தால் இனி ஒரு மாதம்கூட வைக்காதே.

இன்னொன்று. உங்கள் வெள்ளிவிழாவுக்கு அதைத் திறந்தால், காலையிலேயே டிகாண்டரில் ஊற்றி வைக்கச் சொல்வார் உன் மச்சான். கேட்காதே. இளம் ஒயினுக்கு அது சரி. இவ்வளவு வயதானது மணிக்கணக்கில் காற்றைத் தாங்காது, சாப்பாடு வருவதற்குள் மணம் போய்விடும். இலை போடும் நேரத்தில் ஊற்றினால் போதும்.

தேதி முடிவானதும் சொல். இரண்டு நாள் முன்பே வந்து நானே நிமிர்த்தி வைக்கிறேன். அந்தத் தகடு திறப்பானையும் கொண்டுவருகிறேன், அதற்குள் நீயாக எதையும் குடைந்து வைக்காதே.

அன்புடன்,
உன் மாப்ளே