வாசலோப்பெட் பனிச்சறுக்குப் போட்டிக்குத் துணை நின்ற எல்லோருக்கும் நன்றி

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி, கோபாலபுரம் வட்டாரத்துச் சொந்தங்களுக்கும், கோவையிலும் வளைகுடாவிலும் ஸ்வீடனிலும் இருக்கிற நண்பர்களுக்கும் வணக்கம்.

குழந்தைகள் பாலியேட்டிவ் இல்லத்துக்கு (தீராத நோயுள்ள குழந்தைகளின் வலியையும் வேதனையையும் தணிக்கிற இல்லம்) நிதி திரட்ட நம் பிள்ளைகள் இருவர் இறங்கிய, ஸ்வீடனில் நடக்கும் வாசலோப்பெட் போட்டி நல்லபடியாக முடிந்தது. சேலனில் தொடங்கி மோரா வரை 90 கிலோமீட்டர், இருவருமே கடந்துவிட்டார்கள். 1922இல் தொடங்கிய போட்டி இது. மார்ச் முதல் ஞாயிறு காலை 8 மணிக்குக் கிளம்பினால், சற்று தூரத்திலேயே நீண்ட ஏற்றம் வந்துவிடும். ஆயிரக்கணக்கானவர்கள் நெருக்கியடித்து ஏறுகிற அந்த இடத்தில்தான் கையில் ஊன்றுகிற குச்சிகள் மிதிபட்டு முறியும். நம்மவர்களின் குச்சி முறியாமல் தப்பியது பெரிய ஆறுதல்.

பணக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறோம், பலரும் கேட்டது அதைத்தான். விமானச் சீட்டு, நுழைவுக் கட்டணம், விசா எல்லாம் போட்டியாளர்களின் சொந்தச் செலவு. நீங்கள் கொடுத்தது நேராக இல்லத்தின் வங்கிக் கணக்குக்குப் போனது, எங்கள் யார் கைக்கும் வரவில்லை. வேலந்தாவளம் காய்கறிச் சந்தையில் வைத்த உண்டியலை வியாபாரிகள் முன்னிலையிலேயே திறந்து எண்ணி, அடுத்த வங்கி வேலை நாளில் கட்டினோம். சில்லறையைப் பிரித்து அடுக்கிக் கொடுத்த கடைப் பையன்களுக்குத் தனி நன்றி. உண்டியலில் போட்டதற்கு ரசீது தர வழியில்லை. மற்றவர்களில், பழைய வரி முறையில் கணக்குக் காட்டுகிறவர்களுக்கு நன்கொடைக்கான 80ஜி வருமான வரிச் சலுகை உண்டு. ஆனால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அது கிடைக்காது. அதனால்தான் பெரிய தொகைகளைக் காசோலையாகவோ யுபிஐ வழியாகவோ கேட்டோம். அதற்கான 10பிஇ நன்கொடைச் சான்றிதழ் மே 31க்குள் வந்து சேரும்.

வளைகுடா நண்பர்களிடம் பாஸ்போர்ட் நகல் கேட்டது சிலருக்குச் சங்கடமாக இருந்திருக்கும். வெளிநாட்டு நிதி வாங்கத் தேவையான எஃப்சிஆர்ஏ பதிவு இல்லத்துக்கு இல்லை. இந்தியக் குடிமகன் வெளிநாட்டில் இருந்துகொண்டு தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும்கூட, அனுப்பினால் ஆகிவிடும். முகம் சுளிக்காமல் நகல் அனுப்பினீர்கள், அந்தப் பொறுமைக்கு நன்றி. ஸ்டாக்ஹோமில் இருக்கும் ஈழத்துச் சொந்தங்களின் பணத்தை இதே காரணத்தால் மறுக்க வேண்டியதாயிற்று. அவர்களோ தங்க இடமும், குளிருடைகளும், பனியில் பழக ஆளும் கொடுத்தார்கள்.

காலில் மாட்டும் சறுக்குப் பலகைக்கு மெழுகு பூசிக் கொடுத்த அண்ணனைச் சொல்லாமல் இருக்க முடியாது. கிளாசிக் எனும் பழைய முறை ஓட்டத்தில் பலகையின் நடுப்பகுதி பனியைப் பிடித்தால்தான் காலை உந்த முடியும். குதிகால் இருக்கும் இடத்திலிருந்து முன்னோக்கி அரை மீட்டருக்குச் சற்று மேல், மெல்லிய பூச்சாக நாலைந்து முறை தடவி, ஒவ்வொரு முறையும் கார்க்கால் தேய்க்க வேண்டும். ஒரே பூச்சில் கனமாக அப்பினால் சீக்கிரம் உரிந்துவிடும். வெப்பத்துக்கான மெழுகைக் கடுங்குளிரில் போட்டால் பனி அடியில் ஒட்டிக் கட்டி கட்டியாகச் சேரும், பலகை நகராது. அவர் காலையில் பனியின் வெப்பநிலையைப் பார்த்த பிறகுதான், எந்தக் குளிருக்கு எது என்று காட்டும் மெழுகின் நிறத்தையே முடிவு செய்தார்.

இங்கே பனி ஏது? சக்கரம் பூட்டிய சறுக்குப் பலகையில் தார்ச் சாலையில்தான் பயிற்சி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று புழுதியை வாரி இறைக்கிற மாதங்களில் பேரிங்குக்குள் மணல் புகுந்துவிடும். லேத் பட்டறை அண்ணன் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, காயவைத்துப் போட்டுக் கொடுத்தார். ஒரு பக்கம் மட்டும் உருளுகிற சக்கரத்துக்கு அவர் கெட்டி கிரீஸ் வைக்கவில்லை, லேசான எண்ணெய் மட்டும்தான். கிரீஸ் வைத்தால் உள்ளே பிடிமானம் போய், கால் பின்னால் வழுக்கும். பஞ்சர் கடைக்காரர் பழைய லாரி டியூபை வாராக வெட்டித் தென்னை மரத்தில் கட்டிக் கொடுத்தார். முழங்கையை மடக்கி, கண் உயரத்திலிருந்து தொடை வரை இழுத்தால், குச்சி ஊன்றித் தள்ளுகிற அதே தசைகளுக்கு வேலை. வெயில் ஏறினால் தார் இளகிக் குச்சி முனை புதையும் என்பதால் விடியலிலேயே பயிற்சி. பலகையில் பிரேக் கிடையாது. வாய்க்கால் சாலையில் வண்டிகளை மெதுவாகப் போகச் சொல்லிக் கை காட்டி நின்ற பால் சொசைட்டிக்காரர்களுக்கும் ஆட்டோ அண்ணன்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

இனி, உங்கள் பணம் என்ன ஆயிற்று? 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய பாலியேட்டிவ் இயக்கமும், 2008இல் கேரள அரசு கொண்டுவந்த கொள்கையும் வீட்டுக்கே போய்ப் பார்ப்பதை வழக்கமாக்கின. எனவே பெரும்பங்கு வீடுகளில் வைக்கும் கருவிகளுக்கே போனது: காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் 5 லிட்டர் கான்சன்ட்ரேட்டர்கள், சளி உறிஞ்சும் கருவிகள், சின்னக் குழந்தைகளுக்கான 6, 8 அளவுக் குழாய்கள், படுக்கைப்புண் வராமல் காக்கும் காற்று மெத்தைகள். மிச்சம், மருத்துவமனைக்குக் கூட வரும் அம்மாக்களின் வண்டிக் கூலிக்கும் இழந்த நாள் கூலிக்கும். அது கருவிக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல. கூலி போகுமே என்று வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லும் நிலை எந்தக் குழந்தைக்கும் வரக்கூடாது.

கருவி பெற்ற வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள். கான்சன்ட்ரேட்டரின் பஞ்சு வடிகட்டியை வாரம் ஒரு முறையாவது சோப்பு நீரில் அலசி, நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். நம் ஊர்ப் புழுதியில் அது அடைத்துக்கொண்டால் எந்திரம் சூடேறும், ஆக்சிஜன் அளவும் இறங்கும். ஈரப்பதக் குப்பியில் காய்ச்சி ஆறிய நீரைத் தினமும் மாற்றுங்கள். எந்திரம் சுமார் 350 வாட் இழுக்கும். மின்சாரம் போனால் 150 ஏஎச் இன்வெர்ட்டர் பேட்டரி ஒன்று 3 மணி நேரம் போலத்தான் தாங்கும். அதற்காகவே பி டைப் ஆக்சிஜன் சிலிண்டரும் கொடுத்திருக்கிறோம். அதில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும், நிமிடத்துக்கு 1 லிட்டர் போகும் குழந்தைக்கு ஒரு நாள் வரும். கூலி வாங்காமல் வீடு வீடாக எர்த் சோதித்துக் கொடுத்த எலெக்ட்ரீஷியன் தம்பிகளே, அந்த அம்மாக்கள் உங்களைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

வரவு செலவுத் தாள் இல்லத்து வாசல் பலகையில் ஒட்டியிருக்கிறது. யார் வேண்டுமானாலும் பில்களைக் கேட்டுப் பார்க்கலாம். இன்னும் சில வீடுகளுக்கு இன்வெர்ட்டர் தேவைப்படுகிறது. உங்கள் வீட்டில் சும்மா கிடக்கும் நல்ல நிலையிலுள்ள ஒன்று இருந்தால் சொல்லி அனுப்புங்கள், வண்டியோடு நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம்.

நன்றியுடன்,
நிதி திரட்டும் குழுவினர்