தொழிலாளர் சட்டம் பற்றிக் கருத்துக் கேட்போருக்கு ஒரு திறந்த மடல்

புள்ளியியல் துறையினருக்கும், தொழிலாளர் துறையினருக்கும், அவர்களுக்காக வினாத்தாள் தயாரித்துத் தருவோருக்கும்,

வணக்கம்.

தொழிலாளர் சட்டத்தைத் தளர்த்தலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் கூடவே ஒரு கருத்துக்கணிப்பும் வருகிறது. முறைசார்ந்த வேலையில், அதாவது சட்டப் பாதுகாப்புள்ள வேலையில் இருப்பவர்கள் சட்டத்தை விடாமல் பிடித்துக்கொள்கிறார்கள், அந்தப் பாதுகாப்பு இல்லாத முறைசாராத் தொழிலாளர்களுக்கு அதில் அக்கறை இல்லை என்று முடிவும் வெளியாகிறது. இந்த முடிவில் பாதி, வினாத்தாள் எழுதும் மேசையிலேயே தீர்மானமாகிவிடுகிறது என்பதுதான் கணக்கெடுப்பில் கள வேலை செய்யும் எங்கள் குறை.

யார் எந்தப் பக்கம் என்று பிரிப்பதிலேயே கோளாறு தொடங்குகிறது. தொழிற்சாலைக்குள் இருப்பவர் முறைசார், தெருவில் விற்பவர் முறைசாரா என்று இடத்தை வைத்துப் பிரித்துவிடுகிறார்கள். 1993-ல் தொழிலாளர் புள்ளியியலாளர்களின் பன்னாட்டு மாநாடும் நிறுவனத்தை வைத்துத்தான் முறைசாராத் துறையை வரையறுத்தது. பதிவு பெற்ற ஆலையின் கேட்டுக்குள்ளேயே காண்ட்ராக்டர் ஆளாக, விடுப்பும் சேமநிதியும் இல்லாமல் வேலை செய்பவர் அந்த வரையறைக்குள் வரமாட்டார். 2003-ல் அதே மாநாடு வேலையின் தன்மையை வைத்து அளக்கும் வழியைச் சொன்னது. அதன்படி மூன்று கேள்விகள் போதும்: முதலாளி உங்களுக்காகச் சமூகப் பாதுகாப்புத் தொகை கட்டுகிறாரா? சம்பளத்தோடு ஆண்டு விடுப்பு கிடைக்கிறதா? உடம்பு சரியில்லாவிட்டால் சம்பளத்தோடு விடுப்பு கிடைக்கிறதா? ‘உண்டா’ என்று கேட்காதீர்கள், ‘கிடைக்கிறதா’ என்று கேளுங்கள். முதல் கேள்விக்குத் ‘தெரியாது’ என்ற பதில் நிறைய வரும். அதை ‘இல்லை’யோடு சேர்க்காமல் தனியாகக் குறித்து வையுங்கள்.

நான்கு பேருக்கு வேலை தரும் சிறு முதலாளியையும் அவரிடம் கூலி வாங்குபவரையும் ‘முறைசாரா’ என்று ஒரே கட்டத்தில் அடைப்பது அதைவிட மோசம். குறைந்தபட்சக் கூலி பற்றி ஒருவர் சொல்வதை மற்றவர் சொல்வது கழித்துவிடும், மிஞ்சுவதை ‘அக்கறையின்மை’ என்று எழுதிவிடுவார்கள். ஒரே வியாபாரிக்கு வீட்டிலிருந்து தைத்துக் கொடுப்பவரைச் சுயதொழில் செய்பவர் என்று போடுவதும் இதே தவறுதான். வேலை நிலை பற்றிய 2018-ன் பன்னாட்டு வகைப்பாட்டில் இப்படி ஒருவரை நம்பிப் பிழைப்பவர்களுக்குத் தனி இனமே இருக்கிறது.

அடுத்தது கேள்வியின் வாசகம். “வேலைவாய்ப்பு பெருக, ஆட்குறைப்பு விதிகளை எளிதாக்கலாமா?” வேலை கிடைக்கும் என்று சொல்லிவிட்டுக் கேட்டால் யார் வேண்டாம் என்பார்? விதியைத் தளர்த்தினால் வேலை பெருகும் என்பது வாதம். அதைக் கேள்விக்குள் உண்மையாக வைத்துவிட்டு, வந்த பதிலை மக்கள் கருத்து என்கிறோம். “முன்னறிவிப்பு இல்லாமல் ஆளை நிறுத்த முதலாளிக்கு உரிமை இருக்கலாமா?” என்று அதே ஆளிடம் கேட்டுப் பாருங்கள், பதில் புரளக்கூடும். கருத்துக்கணிப்பு ஆய்வாளர் டொனால்ட் ரக் 1941-ல் வெளியிட்ட சோதனை ஒன்றில், ஒரே விஷயத்தை ‘அனுமதிக்கக் கூடாது’ என்றவர்கள் ‘தடை செய்ய வேண்டும்’ என்றவர்களைவிட மிக அதிகம். ஆகவே மாதிரியை, அதாவது பேட்டிக்குத் தேர்ந்தெடுத்தவர்களை, குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு ஒரு வாசகம், மீதிப் பேருக்கு இன்னொன்று கொடுங்கள். இரண்டுக்கும் இடையே விழும் இடைவெளிதான் அந்தக் கருத்து எவ்வளவு உறுதியானது என்பதைக் காட்டும்.

‘சட்டம்’ என்ற சொல்லையே கூடியவரை தவிர்க்கலாம். சாலையோரம் விற்பவருக்கு அந்தச் சொல் கடையைத் தூக்கச் சொல்லும் அதிகாரியின் முகத்தோடு வருகிறது. வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேர ஓய்வு, கூடுதல் நேரத்துக்கு ஒன்றேகால் மடங்குக்குக் குறையாத கூலி, 14 வார மகப்பேறு விடுப்பு என்று பொருளைச் சொல்லிக் கேளுங்கள். இவை முறையே 1921, 1919, 2000 ஆண்டுகளின் பன்னாட்டு உடன்படிக்கைகளில் உள்ளவை. ஒவ்வொன்றுக்கும் ‘வேண்டுமா’, ‘கிடைக்கிறதா’, ‘இப்படி ஒரு விதி இருப்பது தெரியுமா’ என்ற வரிசையில் போங்கள். தெரியுமா என்று முதலில் கேட்டால் பரீட்சை போல ஆகிவிடும், அதன் பிறகு ஆள் வாயைத் திறக்கமாட்டார்.

‘வேண்டாம்’ என்றால் அதோடு விடக் கூடாது. கூலியில் பிடித்தம் ஆகும் என்பதாலா, எழுத்தில் இருந்தாலும் கைக்கு வராது என்பதாலா, கேட்டால் வேலை போகும் என்பதாலா, கொள்கையாகவே வேண்டாமா? கடைசிப் பதில் ஒன்றுதான் சட்டத்தின் மீதான கருத்து. மற்றவை சட்டத்தை நடைமுறைப்படுத்துவோர் மீதான தீர்ப்பு. தொழில்மயமான நாடுகளுக்கு 10,000 தொழிலாளருக்கு, சட்டம் நடக்கிறதா என்று பார்க்கும் ஓர் ஆய்வாளர், வளர்ச்சி மிகக் குறைந்த நாடுகளுக்கு 40,000 பேருக்கு ஒருவர் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பே 2006-ல் ஓர் அளவு சொன்னது. அந்த 40,000 பேரில் ஒருவர் “அதெல்லாம் எங்களுக்கு எதற்கு” என்றால் அதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

வேலைக்கு உள்ளே இருப்பவர், வெளியே இருப்பவர் என்று பொருளியலாளர்கள் லிண்ட்பெக்கும் ஸ்னோவரும் 1980-களில் வகுத்த கோட்பாட்டை அப்படியே தூக்கி வந்து, இரு தரப்பும் எதிரெதிர் என்று முன்கூட்டியே முடிவுகட்டுவதும் நடக்கிறது. ஒரு வீட்டிலேயே நியமன ஆணை உள்ளவரும் தினக்கூலியும் ஒரே சட்டியில் சாப்பிடுகிறார்கள். இதற்கு முன் என்ன வேலை, வீட்டில் வேறு யாருக்காவது நிரந்தர வேலை உண்டா என்ற இரண்டு கேள்விகளைச் சேர்த்தாலே இது புலப்படும்.

கள வேலை பற்றிச் சுருக்கமாக. வேலையிடத்தில், மேஸ்திரி காதில் விழும் தூரத்தில் பேட்டி எடுக்காதீர்கள். கணவருக்காக மனைவி கூலித் தொகையைச் சொல்லலாம், கருத்தைச் சொல்ல முடியாது. வீட்டுப் பட்டியலிலிருந்து மாதிரி எடுத்தால் கட்டட வேலையிடத்திலேயே படுப்பவரும் முதலாளி வீட்டிலேயே தங்கும் பணிப்பெண்ணும் விடுபடுவார்கள், அவர்களுக்குத் தனிப் பட்டியல் வேண்டும்.

எண்ணிக்கையிலும் கவனம் தேவை. எளிய குலுக்கலில் தரப்புக்கு 400 பேர் எடுத்தால் ஒவ்வொரு தரப்பின் சதவீதத்திலும் 5 புள்ளி வரை பிழை இருக்கும், இரண்டையும் ஒப்பிடும்போது அது 7 புள்ளியாகும். தெருத் தெருவாகக் கொத்தாக எடுத்து அதனால் மாதிரியின் பயன் பாதியாகக் குறைந்தால், வித்தியாசத்தில் மட்டும் 10 புள்ளி வரை பிழை. அந்த நிலையில் 6 புள்ளி வித்தியாசத்தைத் தலைப்புச் செய்தியாக்குவது நியாயமில்லை.

அடுத்த சுற்று வினாத்தாள் அச்சுக்குப் போகும் முன், இரு தரப்பிலும் பதினைந்து பதினைந்து பேரிடம் ஒவ்வொரு கேள்வியையும் படித்துக் காட்டி, அவரவர் சொற்களில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். திருப்பிச் சொல்ல வராத கேள்வியை எடுத்துவிடுங்கள். முடிவுகளை வெளியிடும்போது முழு வினாத்தாளையும், ‘தெரியாது’ என்றவர்களின் எண்ணிக்கையையும் சேர்த்தே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தொழிலாளர் கணக்கெடுப்பில் கள வேலை செய்வோர்