ஒரே எண்ணில் அடங்காத விவரம்

அன்புள்ள சுந்தருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகள் கட்டடக்கலைப் படிப்பில் சேர்ந்த செய்தி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி தந்தது; என் வாழ்த்துகளைச் சொல். மருத்துவமனைப் பணியின் பிம் மாடலுக்கு (கட்டடத்தின் வடிவமும் தகவல்களும் அடங்கிய கணினி மாதிரிக்கு) நீ பொறுப்பேற்றிருப்பதையும், "மாடல் முழுவதும் எல்.ஓ.டி. 400" என்று, உறுப்புகளை எவ்வளவு விரிவாகக் காட்டுவது என்பதற்கான படியை ஒப்பந்தத்தில் ஒற்றை வரியாக எழுதியிருப்பது உன்னை உறுத்துவதையும் அறிந்தேன். வேலை தொடங்கும் முன்பே அந்த வரியை மாற்றக் கேட்பதுதான் சரி.

அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகம் 2008-இல் தன் ஒப்பந்தப் படிவத்தில் 100 முதல் 500 வரையிலான படிகளைக் கொண்டுவந்தபோதே, அவற்றை ஒவ்வொரு உறுப்புக்கும் தனித்தனியாக ஒதுக்கும் அட்டவணையையும் சேர்த்தே தந்தது. ஓர் உறுப்பின் அளவும் இடமும் 300-இல் உறுதியாகிவிடும். ஆனால் அது எதில் தொங்குகிறது, பக்கத்து உறுப்போடு எப்படிச் சேர்கிறது என்பது தெரியாமல் கிளாஷ் (உறுப்புகள் ஒன்றோடொன்று மோதும் இடங்களை) பார்ப்பதில் பயனில்லை என்பதால்தான் பிம்ஃபோரம் என்ற அமெரிக்கத் துறை அமைப்பு இடையில் 350-ஐச் சேர்த்தது. 400 என்பது பட்டறையில் செய்து பொருத்துவதற்கான விவரம். சப்ளையரே முடிவாகாத நிலையில் கன்சல்டன்டிடம் அதைக் கேட்டால், அவர் ஊகித்துத்தான் வரைய வேண்டியிருக்கும்.

உன் மருத்துவமனையின் நடைபாதைக் கூரையையே எடுத்துக்கொள். பெயரளவில் 150 மி.மீ. எனப்படும் சில்டு வாட்டர் (ஏ.சி.க்கான குளிர்நீர்) குழாயின் வெளிவிட்டம் 168 மி.மீ.; அதன்மேல் 50 மி.மீ. இன்சுலேஷன் சுற்றினால் 268 ஆகிவிடுகிறது. 100-க்கு 1 என்ற சரிவில் 12 மீட்டர் ஓடும் கழிவுநீர்க் குழாய், மறுமுனைக்குள் 120 மி.மீ. இறங்கியிருக்கும். பீமுக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் இடையே இவையும் காற்று செல்லும் டக்டும் கேபிள் ட்ரேயும் போக வேண்டும் என்றால், இன்சுலேஷன், சரிவு, சப்போர்ட், வால்வின் கைப்பிடியைத் திருப்பும் இடம், தீ பரவாமல் டக்டை அடைக்கும் ஃபயர் டேம்பரைத் திறந்து பார்க்கும் இடம் ஆகியவை மாடலில் இருந்தே தீர வேண்டும். அதே வால்வின் போல்ட்டுகளும் உற்பத்தியாளர் பெயர் பொறித்த எழுத்துகளும் ஒருவருக்கும் பயன்படா. இணையத்திலிருந்து இறக்கும் ஃபேமிலிகளில் (ஆயத்த உறுப்பு மாதிரிகளில்) இப்படிப்பட்ட வடிவங்கள் நிறைந்து ஃபைல் கனத்துப்போவதை நீயும் அன்றாடம் பார்க்கிறாய்.

கனம்கூடப் பெரிய கேடில்லை. இன்னும் முடிவெடுக்கப்படாத ஒன்றை நுணுக்கமாக வரைந்துவிட்டால், பார்ப்பவர் அதை முடிவானது என்று நம்பிவிடுகிறார் என்பதுதான் என்னை மிகவும் கவலைப்படுத்துகிறது. சுவரின் பூச்சு அடுக்குகளைத் தொடக்கத்திலேயே வரைந்தால், மதிப்பீட்டாளர் அதிலிருந்தே அளவெடுத்து டெண்டருக்கு விலை போட்டுவிடுவார். சுவரின் வகை பிற்பாடு மாறும்போது கணக்கும் வாக்குவாதமும் உன் தலையில் விழும்.

வடிவத்தையும் தகவலையும் பிரித்தே கேட்க வேண்டும். ஒரு பம்ப் வெறும் பெட்டியாக இருக்கலாம். ஆனால் அதன் வெளி அளவுகள், குழாய் சேரும் இடங்கள், கழற்றிப் பழுதுபார்க்கத் தேவையான இடைவெளி ஆகியவை சரியாக இருக்க வேண்டும். பராமரிப்புக் குழுவுக்கு வேண்டியவையோ மாடல் எண், திறன், உத்தரவாதக் காலம் போன்ற தகவல்கள். பிம் தகவல் மேலாண்மைக்காக 2018-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 19650 தரமும், அதை விரித்துரைத்த 2020-இன் ஐரோப்பியத் தரமும் இந்த வழியில்தான் செல்கின்றன: எதற்காக, எந்தக் கட்டத்தில், யார் யாருக்குத் தருவது, எந்த உறுப்புக்கு என்பவற்றை முதலில் தீர்மானித்த பிறகே வடிவம், தகவல், ஆவணம் ஆகியவற்றின் அளவைச் சொல்லச் சொல்கின்றன.

ஆகவே அந்த ஒற்றை வரிக்குப் பதிலாக உறுப்புவாரியான அட்டவணை ஒன்றை நீயே தயாரித்து முன்வை. அதற்கு முன் மதிப்பீட்டாளர், தளப் பொறியாளர், மருத்துவமனையின் பராமரிப்புப் பொறுப்பாளர் மூவரையும் தனித்தனியே சந்தித்து, மாடலிலிருந்து எதை எடுக்கப் போகிறார்கள் என்று கேட்டுக்கொள். பராமரிப்புப் பொறுப்பாளரிடம் பெரும்பாலும் யாரும் கேட்பதேயில்லை. வரைவு தயாரானதும் எனக்கு அனுப்பு. குழாய், டக்ட் பகுதிகளை நான் வரி வரியாகப் பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
கண்ணன்