மருந்து எழுதும்போதே சொல்லுங்கள்

ஆசிரியருக்கு, ஏப்ரல் 11 உலக பார்க்கின்சன் தினத்தையொட்டி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரை கை நடுக்கத்தையும் நடைத் தளர்ச்சியையும் நன்றாக விளக்கியது, ஆனால் இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிவதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பார்க்கின்சன் என்ற இந்த நரம்பு நோயில், உடல் அசைவுக்கு உதவும் டோபமைன் என்ற வேதிப்பொருள் மூளையில் குறைகிறது. அதை ஈடுகட்டத் தரும் லெவோடோபா போன்ற மருந்துகளே சிலருக்கு இந்த மாயத்தோற்றங்களைத் தூண்டிவிடலாம், நோயும் ஒரு காரணம்தான். கூடத்தில் குழந்தைகள் உட்கார்ந்திருப்பதாக என் மாமனார் சொன்னபோது வீட்டில் மந்திரிக்கத்தான் யோசித்தார்கள், அப்புறம் நரம்பியல் மருத்துவர் மாத்திரைகளை மாற்றியமைத்ததும் வெகுவாகக் குறைந்தது. பயந்துபோய் மாத்திரையைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. மருந்து எழுதும்போதே இதைக் குடும்பத்தாரிடம் சொல்லிவிட வேண்டும். அரசு மருத்துவமனைகளில் மாத்திரை வழங்கும் இடத்திலேயே தமிழில் ஒரு துண்டறிக்கையும் கொடுக்கலாம்.